எதிரொலிக்கு ஒரு கொட்டேஷன்

சென்ற மாதம் முழுவதும் இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு மூன்று நண்பர்கள் விசாரித்தார்கள். அவர்களுக்கு நன்றி. உடம்பு நன்றாகவே இருக்கிறது. கித்தாருக்கு ஓர் எக்கோ மிஷின் வாங்க வேண்டியிருந்தது. எதை வாங்குவது என்று விவரம் சேகரித்ததில் மாதம் ஓடிவிட்டது. எழுபத்தைந்து வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. "நான் ஒரு தடவ சொல்றதே உங்க காதுல ஏற மாட்டேங்குது, இதுல ஒண்ணையே நாலு தடவ கேக்கணுமாக்கும்" என்றாள் என் மனைவி.

எக்கோ என்றதும் நம் பகுதிக்காரர்களுக்கு மைக் செட்தான் ஞாபகம் வரும். திருவிழாவில் ஒருவர் "பொதுமக்களே" என்பார், பின்னாலேயே "மக்களே... களே..." என்று வரும். அதே வேலையைக் கித்தாருக்குச் செய்யும் பெட்டிகள் 1950-களிலிருந்தே உண்டு. கித்தார்க் கம்பியை ஒரு தடவை மீட்டினால், அந்தச் சத்தம் சற்றுத் தள்ளி இன்னொரு தடவையும், இன்னும் கொஞ்சம் மெலிந்து மூன்றாம் தடவையும் வரும். அந்தக் காலத்துக் கித்தார் இசைக்கு ஒரு தனி வாசனை இருந்ததே, அதில் பாதி இந்தப் பெட்டியால் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு எதிரொலிக்குக் காசு கொடுக்க வேண்டுமா, மலை சும்மாவே தருமே என்றார் ஒரு நண்பர். கணக்குப் போட்டுக் காட்டினேன். சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. போய்த் திரும்ப வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வினாடி கழித்து எதிரொலி வர வேண்டுமானால், நமக்கும் பாறைக்கும் நடுவே சுமார் 57 மீட்டர் இருக்க வேண்டும். 10 மீட்டர் தள்ளி நின்றால் கை கூடுகிறது; சத்தம் போய்த் திரும்புவது நம் காதுக்குத் தனியாகத் தெரியாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் எதிரொலி வர ஆறு வினாடி ஆகும், அதற்குள் பாட்டு வேறு வரிக்குப் போய்விடும். எனக்கு வேண்டிய இடைவெளியை அங்குலக் கணக்கில் வைத்துக்கொள்ளும் மலை நம் பக்கத்தில் இல்லை. சுருளி அருவிக்கு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

எனக்கு வேண்டிய இடைவெளி எது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை. படித்தது பிரெஞ்சு வழியில். குமாஸ்தா வேலையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊரான இந்தக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். பன்னீர் திராட்சைகூட 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலமாகத்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது என்கிறார்கள். அது இந்த மண்ணில் பிடித்துக்கொண்டபோது நான் பிடிக்க மாட்டேனா என்ன!

எனக்கு ஏழு வயது மூத்த அண்ணன் ஒருவர். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். அவர் விடுப்பில் வரும்போது தெப்பாஸ் என்ற கிராமபோன் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரான்ஸில் லியோன் நகரத்தில் செய்தது, மூடியைக் கழற்றினால் அதுவே ஸ்பீக்கர். கூடவே சில இசைத்தட்டுகள். அதில் ஒன்று 'அப்பாச்சி'. பிரெஞ்சு உச்சரிப்பில் நாங்கள் 'அப்பாஷ்' என்போம். ஷேடோஸ் என்ற இங்கிலாந்துக் குழு 1960-ல் வாசித்தது. பாட்டு வரிகள் கிடையாது, வெறும் கித்தார்தான். ஜெர்ரி லார்டன் என்பவர் இயற்றிய மெட்டு. அந்த வருஷம் இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்த இசைத்தட்டை அண்ணன் எத்தனை முறை போட்டிருப்பார் என்று கணக்கில்லை. அவரிடம் கல்கத்தாவில் செய்த சாதாரணக் கித்தார் ஒன்று இருந்தது. மெட்டைப் பிடித்துவிட்டார். ஆனால் இசைத்தட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு நிழல் வருகிறதே, அது வரவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து, கித்தாரைக் கிணற்றுக்குள் சாய்த்து வாசித்துப் பார்த்தார். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் ஒரு முரசு கேட்கும். அதற்காக என்னைத் தகர வாளியைத் தட்டச் சொன்னார். கிணற்றில் கம்மென்று ஒரு முழக்கம் வந்ததே தவிர நிழல் வரவில்லை. இப்போது கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. தண்ணீர் ஆறு மீட்டர் ஆழத்தில் இருந்தால் சத்தம் போய்த் திரும்ப வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆகும். அது முழக்கம்தான், எதிரொலி ஆகாது. இங்கிலீஷ்காரர்கள் முதலாவதை ரிவர்ப் என்றும் இரண்டாவதை எக்கோ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தார். 1963-ல் ராணுவத்தில் சேர்ந்து கப்பலேறி மர்சேய் போனார். கித்தாரை என்னிடம் விட்டுப் போனார். நான் இந்தியனாகவே இருந்துவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு தேசம் என்பது புதுச்சேரியில் புதிதல்ல. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் நான் வாசிப்பேன், அவர் குறை சொல்லுவார்.

இந்த ஷேடோஸ் குழுவைப் பற்றிக் கொஞ்சம். கிளிஃப் ரிச்சர்ட் என்ற பாடகருக்குப் பின்னால் வாசித்த குழு இது. கிளிஃப் ரிச்சர்ட் 1940-ல் நம் லக்னோவில் பிறந்தவர். அவருடைய குடும்பம் 1948-ல் இங்கிலாந்துக்குப் போனது. குழுவின் முன்னணிக் கித்தார்காரர் ஹேங்க் மார்வினுக்கு 1959-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரைத் தருவித்துக் கொடுத்தவர் அவர்தான். 'அப்பாச்சி' ஆரம்பத்தில் கேட்கும் அந்த முரசைத் தட்டியவரும் அவரே. அண்ணனுக்கு நான் வாளி தட்டியது போல, ஹேங்க் மார்வினுக்கு ஒரு லக்னோக்காரர் முரசு தட்டியிருக்கிறார்.

எக்கோ வந்த கதை இது. ஜோ பிரவுன் என்ற இன்னொரு கித்தார்காரரிடம் மெயாட்சி என்ற இத்தாலியக் கம்பெனியின் எக்கோ பெட்டி இருந்தது. அவருக்கு அது ஒத்துவரவில்லை, மார்வினிடம் போய்ச் சேர்ந்தது. 'அப்பாச்சி'யில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு இப்போது எண்பத்திரண்டு. இரண்டு வருஷமாக ஞாபக மறதி. பாரிஸுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அண்ணி இறந்து நாளாகிவிட்டது. அண்ணன் மகன் வாராவாரம் போய்ப் பார்க்கிறான். அவன் ஒருநாள் கூப்பிட்டு, "சித்தப்பா, அப்பாவுக்கு சில நாள் என் பேரே வரல. பேச்சும் கொறஞ்சு போச்சு. ஆனா ஒரு மெட்ட மட்டும் முணுமுணுத்துக்கிட்டே இருக்காரு. என்னன்னு புரியல. அனுப்புறேன், கேட்டுப் பாருங்க" என்று செல்போனில் பதிவு செய்து அனுப்பினான்.

கேட்டேன். முதல் மூன்று சுரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அண்ணன் மெட்டை மட்டும் பாடவில்லை. ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் நிறுத்தி, அதையே சின்னக் குரலில் ஒருமுறை, இன்னும் சின்னக் குரலில் மறுமுறை பாடுகிறார். எக்கோவையும் சேர்த்தே பாடுகிறார். நாம் எக்கோவை மெட்டுக்குப் போட்ட மேல்பூச்சு என்று நினைக்கிறோம். அவருக்கு அது மெட்டிலேயே ஒரு பகுதி. மகன் பெயர் போய்விட்டது, எதிரொலி போகவில்லை.

அந்தப் பாட்டை நானே வாசித்து அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவது மகனுக்கே முடியும், அதையும் செய்தான். அண்ணன் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாராம். நான் வாசித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குச் சரியான எக்கோ வேண்டும்.

அரசு அலுவலகத்தில் எதையாவது வாங்க வேண்டுமென்றால் குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மேலதிகாரிக்கு வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன்.

கட்டம் போடுவதற்கு முன்னால் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பூல் டேப் ரெக்கார்டர் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். பதிவு செய்ய ஒரு ஹெட், கேட்க ஒரு ஹெட். இரண்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். பதிவான இடம் கேட்கும் ஹெட்டுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தத் தாமதம்தான் எக்கோ. டேப் வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது, ஹெட் 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், 6-ஐ 19-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குச் சற்றுக் குறைவு. 57 மீட்டர் தள்ளியிருந்த பாறை 6 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. ஹெட் ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு வைத்தால் மூன்று நான்கு பாறை. கேட்ட சத்தத்தில் கொஞ்சத்தைத் திரும்பவும் பதிவுக்கு அனுப்பினால், மெலிந்து மெலிந்து வந்துகொண்டே இருக்கும்.

முதல் கட்டத்தில் பழைய அசல் இயந்திரங்களைப் போட்டேன். லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-ல் கொண்டுவந்த காப்பிகேட். சின்ன டேப் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தது மிலான் நகரத்து பின்சன் எக்கோரெக். இதில் டேப் கிடையாது. சுழலும் வட்டின் விளிம்பில் மெல்லிய எஃகுக் கம்பியைச் சுற்றி அதிலேயே பதிவு செய்வார்கள். டேப் தேயும் தொல்லை இல்லை. பிற்பாடு பிங்க் ஃபிளாய்ட் குழு பயன்படுத்தியது இதைத்தான். அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ். ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி 1974-ல் கொண்டுவந்த ஆர்.இ.201 ஸ்பேஸ் எக்கோ. அதில் கேட்கும் ஹெட் மூன்று.

இவற்றில் ஒன்றைப் பிரான்ஸில் தேடி வாங்கி அனுப்புவதாக அண்ணன் மகன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அறுபது வருஷத்துப் பெட்டி. வால்வு போனால் வால்வு எங்கே? தேய்ந்த ஹெட்டை மாற்ற மதுரைக்குப் போனாலும் ஆள் கிடைக்குமா? அமெரிக்கப் பெட்டி என்றால் அவர்களுடைய கரண்டு 110-120 வோல்ட், 60 சைக்கிள். நம்முடையது 230 வோல்ட், 50 சைக்கிள். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் சைக்கிள் மாறாது. அதை நம்பி ஓடும் மோட்டார் இங்கே மெதுவாகத்தான் சுற்றும். ஆடி மாதக் காற்றில் வரும் தூசிக்கு டேப் வளையம் எத்தனை நாள் தாங்கும்? விலையும் என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. குறிப்பில் 'தகுதி உண்டு, பராமரிப்பு இயலாது' என்று எழுதினேன்.

இரண்டாவது கட்டம், அனலாக் பெடல். பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் 1969-ல் கண்டுபிடித்த ஒரு சில்லை வைத்துச் செய்வது. அதற்கு வாளி வரிசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மாடிக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? அதே மாதிரி, சத்தம் மின்சாரமாக ஒரு சட்டியிலிருந்து அடுத்த சட்டிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நூற்றுக்கணக்கான கை மாறிப் போகும். போய்ச் சேரும் நேரம்தான் தாமதம். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். அதனால் எதிரொலியின் கூர்மை மழுங்கி, மெத்தென்று இருக்கும். பாஸ் கம்பெனியின் டி.எம்.2 இந்த வகையில் பெயர் போனது, 1981-ல் வந்தது. காதுக்கு மிகவும் இனிமை. ஆனால் அதிகபட்சம் 300 மில்லி வினாடி, அதாவது வினாடியில் பத்தில் மூன்று பங்குதான். அதைவிட முக்கியமான குறை, ஒரே ஒரு ஹெட் இருப்பது மாதிரி சமமான இடைவெளியில்தான் திரும்பத் திரும்ப வரும்.

இந்த இடத்தில் நம் ஊர் மைக் செட்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "எங்கிட்டயே எக்கோ இருக்கு சார், எதுக்குக் காசச் செலவழிக்கிறீங்க" என்று ஒரு மிக்ஸரைக் கொண்டுவந்து மாட்டினார். நல்ல மனிதர். அவர் மிக்ஸரில் உள்ளது கரோக்கே பெட்டிகளுக்கென்றே வரும் சின்னச் சில்லு. கித்தாரை மாட்டி வாசித்ததும் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். "சார், இளைய நிலா வாசிங்க" என்றார்கள். உத்தமபாளையம், கோம்பை தாண்டினால் பண்ணைப்புரம். இந்தப் பக்கத்தில் கித்தாரைத் தூக்கினால் வேறு எதைக் கேட்பார்கள்? 1982-ல் வந்த பாட்டு, அதில் கித்தார் வாசித்தவர் சந்திரசேகர். தெரிந்த அளவு வாசித்தேன். அந்தப் பாட்டுக்கு மைக் செட் எக்கோ மோசமில்லை. 'அப்பாச்சி'க்கு ஒத்துவரவில்லை, இதிலும் சமமான இடைவெளிதான்.

மூன்றாவது கட்டம், டிஜிட்டல். சத்தத்தை எண்களாக்கி ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் திருப்பிக் கொடுப்பது. பேரன் செல்போனில் இலவச ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். அதுவே சங்கடமாகவும் இருந்தது. பழைய டேப்பில் மோட்டார் ஒரே சீராக ஓடாது. எதிரொலியின் சுருதி மயிரிழை அசையும். ஒவ்வொரு சுற்றுக்கும் கீச்சுக் குரல் கொஞ்சம் குறையும். அதனால்தான் எதிரொலி பின்னால் போய் நிற்கிறது, அசல் முன்னால் நிற்கிறது. சாதா டிஜிட்டலில் எதிரொலியும் அசலும் ஒரே மாதிரி முன்னால் நின்று இடித்துக்கொள்கின்றன. இந்தக் குறையைத் தீர்க்க, பழைய இயந்திரத்தின் நடத்தையை அப்படியே கணக்காக எழுதி டிஜிட்டலில் செய்கிற பெடல்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. எக்கோரெக் மாதிரி ஒன்று, ஸ்பேஸ் எக்கோ மாதிரி ஒன்று என்று.

பட்டியல் முடிந்தது. ஆனால் தீர்மானத்துக்கு உதவியது பட்டியல் அல்ல, அண்ணனின் முணுமுணுப்புதான். அதைப் பல தடவை கேட்டு, கடிகாரம் வைத்து அளந்தேன். இசைத்தட்டில் மூன்று வினாடியில் முடிகிற இடத்துக்கு அண்ணன் நான்கு வினாடி எடுத்துக்கொள்கிறார். வயதில் எல்லாம் மெதுவாகிவிட்டது. ஆனால் எதிரொலியின் இடைவெளியும் அதே கணக்கில்தான் நீண்டிருக்கிறது. என் காதுக்கு இசைத்தட்டில் மூன்றில் ஒரு பங்கு வினாடியாகப் படுவது அவரிடம் சுமார் 0.44 வினாடி. மெட்டு ஒரு பக்கம், எதிரொலி ஒரு பக்கம் என்று கலையவில்லை. விகிதம் அப்படியே இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பல ஹெட் வைத்த டேப் இயந்திரத்தில் மோட்டார் வேகத்தைக் குறைத்தால் இதேதான் நடக்கும். ஹெட்கள் நகராது, டேப் மெதுவாகும். எல்லா எதிரொலியும் ஒரே விகிதத்தில் நீளும். ஒரே ஒரு திருகு. ஸ்பேஸ் எக்கோவில் அந்தத் திருகு உண்டு. இரண்டு ஹெட்டைத் திறந்து ஒன்றை அடைக்கும் வசதியும் உண்டு. அடைத்தால் இடைவெளி சமமில்லாமல் நொண்டி வரும், பழைய பெட்டிகளின் சுபாவம் அதுதான். ஒரே தாமதம் உள்ள பெடலில் இது நடக்காது. எக்கோரெக்கில் சத்தம் மனதுக்குப் பிடித்திருந்தாலும், அசல் இயந்திரத்தின் வட்டு ஒரே வேகத்தில் சுற்றுவது. எனவே ஸ்பேஸ் எக்கோவைப் பின்பற்றி 2022-ல் பாஸ் கம்பெனி கொண்டுவந்த ஆர்.இ.2 என்ற சின்னப் பெடலைத் தேர்ந்தெடுத்தேன். டேப் இல்லை, மோட்டார் இல்லை, கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும். ஒரு மாத ஓய்வூதியத்துக்குள் அடங்கியது. மேலதிகாரியிடம் பட்டியலை வைத்தேன். "எனக்கு ஒண்ணும் புரியல, மூத்தாருக்காகன்னா வாங்குங்க" என்று ஒப்புதல் கிடைத்தது.

பெடல் வந்ததும் மாடியில் உட்கார்ந்து பழகினேன். இடது கை மோதிர விரல் சரியாக மடங்குவதில்லை. இசைத்தட்டு வேகத்தில் நாலு நாள் மல்லுக்கட்டி ஒரு பதிவு செய்து அனுப்பினேன். அண்ணன் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ரேடியோவில் யாரோ வாசிப்பதைக் கேட்பது மாதிரி.

இரண்டாவது பதிவை அண்ணனின் வேகத்தில் செய்தேன். திருகைக் குறைத்து இடைவெளியை 0.44 வினாடிக்குக் கொண்டுவந்தேன். விரலுக்கும் அந்த வேகம் சௌகரியமாக இருந்தது. ஆரம்பத்து முரசுக்குப் பேரனை உட்கார வைத்து, பிளாஸ்டிக் ஆகாது என்று தேடிப் பிடித்து, ஒரு தகர வாளியைக் கொடுத்தேன். "தாத்தா, டிரம்ஸ் சத்தம் போன்லயே இருக்கு" என்றான். வாளிதான் வேண்டும் என்றேன். பதிவில் நடுவே ஒரு காக்கையும், வாழைத்தார் ஏற்றப்போன லாரியின் ஹாரனும் இருக்கின்றன. திரும்ப எடுக்கவில்லை.

அண்ணன் மகன் அன்று இரவே கூப்பிட்டான். வாளிச் சத்தம் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். முதல் வரி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வரியில் கூடவே பாட ஆரம்பித்தார். எதிரொலி வருகிற இடத்தில் அவர் பாடவில்லை. பெடல் பாட விட்டுவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் போனை நோக்கிக் கையை நீட்டி, "எக்கோவக் கொறடா" என்றாராம். பல மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று அவன் சொன்னான். பிரெஞ்சில் அல்ல, முத்தியால்பேட்டைத் தமிழில்.

என் பெயரை அவர் சொல்லவில்லை. "டா" என்று யாரைச் சொன்னார் என்று மகன் கேட்டான். அவரை விடச் சின்னவன், எக்கோ திருகு கையில் இருப்பவன், வாளி தட்டியவன் உலகத்தில் ஒருவன்தான் என்றேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது இந்த மாதிரிப் பெட்டி வாங்க நினைத்தால், என் நோட்டிலிருந்து சில குறிப்புகள். முதலில் வேண்டிய பாட்டில் எதிரொலி எத்தனை முறை, என்ன இடைவெளியில் வருகிறது என்று காதால் எண்ணுங்கள். பெட்டியை அப்புறம் தேடுங்கள். இடைவெளி சமமாக இருந்தால் அனலாக் பெடல் போதும், இனிமையும் கூடுதல். நொண்டி நொண்டி வந்தால் பல ஹெட் உள்ளதைப் பின்பற்றிய பெட்டி வேண்டும். பழைய அசல் இயந்திரத்தை, பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எதிரொலியின் அளவு அசல் சத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மெட்டு மறையாது.

நான் அந்த அளவில்தான் வைத்திருந்தேன். என் காதுக்கு அது சரியாகவே இருக்கிறது. இருந்தாலும் திருகை ஒரு கோடு குறைத்து மூன்றாவது பதிவை அனுப்பியிருக்கிறேன். அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமைதான் போவான். இந்தத் தடவை என்ன குறை சொல்லப்போகிறாரோ, பார்க்கலாம்.